காற்றுக்கு முன்னே சென்றவர்கள்: சைக்கிள் வீரர் ஃபாஸ்டோ கோப்பியின் வரலாறு

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயில் செல்லும் சாலையை நம் கல்லூரியில் அறியாதார் இலர். உடையவர் அவதரித்த தலம் என்று நாடு போற்றிய ஊர், இன்று காரும் டயரும் மோட்டார் சைக்கிளும் உருவாகும் தொழில் வட்டாரமாகவும் விளங்குகிறது. ஏரிப் பாசன வயல்கள் இருந்த இடங்களில் சிப்காட்டின் அகன்ற சாலைகள் கட்டங் கட்டமாக ஓடுகின்றன. வார நாட்களில் கண்டெய்னர் லாரிகளுக்கும் கம்பெனிப் பேருந்துகளுக்கும் உரிய அச்சாலைகளில், ஞாயிறு விடியற்காலையில் மட்டும் வேறொரு காட்சி தென்படும். தலைக்கவசம் அணிந்த இளைஞர் சிலர், வளைந்த கைப்பிடி கொண்ட பந்தயச் சைக்கிள்களில் ஏறி, ஒரே சதுரத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றிப் பழகுவர். ஒருவர் சக்கரத்தை ஒட்டி மற்றவர், அவர் சக்கரத்தை ஒட்டி இன்னொருவர். முன்னே சென்றவர் சிறிது நேரத்தில் ஒதுங்கிக் கடைசிக்குப் போய்விடுவார். அடுத்தவர் முன்னே வருவார்.

பார்ப்பவர்க்கு இது விந்தையாக இருக்கும். பந்தயம் என்றால் முந்துவதுதானே? முன்னே இருப்பவன் தானே வலிய ஏன் பின்னே போகிறான்?

விடை காற்றில் இருக்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் ஓட்டுபவனின் உழைப்பில் பெரும்பகுதியை எதிர்க்காற்றே தின்றுவிடுகிறது. வேகம் இரு மடங்கானால், காற்றை வெல்ல வேண்டிய திறன் எட்டு மடங்காகும் என்பதை இயற்பியல் துறை நண்பர்கள் கணக்கிட்டே காட்டுவார்கள். ஆனால் முன்னே செல்பவனின் முதுகுக்குப் பின்னே, ஒரு சாண் இடைவெளியில் ஒட்டிச் சென்றால் அந்த உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகிறது. வேடந்தாங்கலுக்கு மாலையில் திரும்பும் பறவைகள் சாய்வான வரிசையில் பறப்பதைக் கண்டிருப்பீர்கள். அவையும் ஒன்றன் சிறகு எழுப்பும் காற்றை மற்றொன்று பயன்படுத்திக் கொள்கின்றன. ஆகவே சைக்கிள் பந்தயத்தில் வெல்பவன் ஒருவன். அவனுக்காகக் காற்றை வாங்கிக் கொள்பவர்கள் பலர். மாலையும் படமும் முதல்வனுக்கு மட்டுமே உரியவை என்பதுதான் இவ்விளையாட்டின் வினோதம்.

இவ்வினோதத்தை முழுமையாக வாழ்ந்து காட்டியவர் இத்தாலி நாட்டு வீரர் ஃபாஸ்டோ கோப்பி. பெயரைக் கேட்டதும் சிலர் புன்னகைக்கலாம். இலங்கைத் தமிழர் காப்பியைக் கோப்பி என்றுதான் சொல்வர். ஆனால் 1940களிலும் 1950களிலும் ஐரோப்பாவில் அப்பெயரைச் சொன்னால் சிறுவர்கள் வீதிக்கு ஓடி வருவார்கள். சாம்பியன்களுக்கெல்லாம் சாம்பியன் என்ற பொருளில் அவரைக் கம்பியோனிஸ்ஸிமோ என்று அந்நாட்டு மக்கள் அழைத்தனர்.

கோப்பி 1919ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், வட இத்தாலியில் பீட்மாண்ட் பகுதியின் கஸ்தெல்லானியா என்னும் சிற்றூரில் பிறந்தார். குன்றின் மேல் ஒரு கைப்பிடி வீடுகள், அதுவே ஊர். ஐந்து குழந்தைகளுள் நான்காமவர்; அவருக்குப் பின் பிறந்தவர் செர்ஸே. குடும்பத்துக்கு வேளாண்மை தவிர வேறு வழியில்லை. பையனோ மெலிந்த உடம்பு. நெஞ்செலும்பு பறவையின் நெஞ்சைப்போல் முன்தள்ளியது. கால்கள் மட்டும் அளவுக்கு மீறி நீண்டவை. மண்வெட்டி பிடிக்க அவ்வுடம்பு ஏற்றதன்று. பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டு, நோவி லிகூரே என்ற பட்டணத்தில் ஓர் இறைச்சிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். வீடு வீடாகச் சென்று சாமான் கொடுத்து வருவது வேலை. அதற்குக் கொடுக்கப்பட்டது ஒரு சைக்கிள். மேடும் பள்ளமுமான ஊர்ப் பாதையில் சுமையோடு ஏறி இறங்கியதுதான் அவருக்குக் கிடைத்த முதல் பயிற்சி.

கப்பலில் வேலை பார்த்த சிற்றப்பன் ஒருவரும் தந்தையும் சேர்ந்து பணம் கொடுக்க, அவருக்குச் சொந்தமாக ஒரு பந்தயச் சைக்கிள் வந்தது. உரிமம் இல்லாத பையன்களுக்கான ஒரு பந்தயத்தில் பதினைந்தாம் வயதில் முதலாவதாக வந்தார். பரிசு 20 லீராவும், இறைச்சி வைத்த ஒரு ரொட்டியும். 1938இல் முறைப்படி அமெச்சூர் வீரராகப் பதிவு செய்துகொண்டு வென்ற முதல் பந்தயத்திற்கு ஓர் அலாரம் கடிகாரம் பரிசு. நம் பக்கத்துப் பொங்கல் விளையாட்டு விழாக்களில் எவர்சில்வர் குடமும் டிபன் கேரியரும் கொடுப்பதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

நோவி லிகூரேயில் பியாஜோ கவன்னா என்றொருவர் இருந்தார். இளமையில் குத்துச்சண்டை வீரர். பின்னர் இரு கண்களிலும் பார்வை இழந்தவர். வீரர்களின் உடம்பைப் பிடித்துவிடுவது அவர் தொழில். கண்ணால் காணாததை விரலால் கண்டவர் அவர். தசையைத் தடவிப் பார்த்தே ஒருவன் எவ்வளவு தாங்குவான் என்று மதிப்பிடுவார். இறைச்சிக் கடைப் பையனின் உடம்பில் அவர் விரல்கள் எதையோ கண்டுகொண்டன. உணவு, உறக்கம், அதிகாலைப் பயிற்சி என எல்லாவற்றையும் வகுத்துக் கொடுத்து அவரை ஆளாக்கினார். ஒரு குருவை அமையப் பெறுவதும் பேறுதான். பார்வையற்ற அக்குருவைக் கோப்பி இறுதிவரை விட்டு நீங்கவில்லை.

1940ஆம் ஆண்டு லென்யானோ என்ற தொழில்முறைக் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. தலைவராக அல்ல, கிரெகாரியோவாக. இச்சொல்லைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். மந்தை என்று பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது இது. படையில் சாதாரணச் சிப்பாயைக் குறித்த சொல். சைக்கிள் குழுவில் தலைவனுக்காக உழைப்பவனுக்கு அதுவே பெயராயிற்று. தலைவனுக்குத் தாகமெடுத்தால் கிரெகாரியோ ஊற்றிலிருந்து தண்ணீர் பிடித்து வருவான். தலைவன் சக்கரம் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாலையோரத்தில் நிற்பான். எதிர்க்குழுவினர் தப்பி ஓடினால் காற்றுக்கு முன்னே சென்று துரத்துவான். களைத்துப்போன பின்பு ஒதுங்கி, எண்பதாவதாகவோ தொண்ணூறாவதாகவோ வந்து சேர்வான். வெற்றிப் பரிசில் ஒரு பங்கு அவனுக்கு உண்டு. செய்தித்தாளில் பெயர் இராது.

அவ்வாண்டு இத்தாலியச் சுற்றுப் பந்தயத்தில் லென்யானோவின் தலைவர் ஜீனோ பார்த்தாலி. கோப்பியைவிட ஐந்து வயது மூத்தவர். ஏற்கெனவே இருமுறை அப்பந்தயத்தை வென்ற புகழாளர். இரண்டாம் நாளே ஒரு நாய் குறுக்கே வந்து அவர் விழுந்து அடிபட்டார். தலைவர் தளர்ந்த நிலையில், பதினோராம் கட்டத்தில், அபெத்தோனே மலையில் கொட்டும் மழையினூடே இருபது வயதுக் கோப்பி தனியாகப் பறந்து மோதெனா நகரை அடைந்தார். முதல் நிலையில் உள்ளவருக்குரிய இளஞ்சிவப்புச் சட்டை சிப்பாயின் மேல் ஏறியது.

இதன்பின் நடந்ததுதான் கதை. தலைவராக வந்த பார்த்தாலி, தம் உதவியாளனுக்கு உதவியாளராக வேலை செய்யும்படி குழுவின் மேலாளர் பவேசி முடிவு செய்தார். பார்த்தாலிக்கு அது கசப்பு மருந்து. ஆயினும் டோலமைட் மலைகளில் கோப்பி வயிற்றுக் கோளாறால் சோர்ந்து வண்டியை விட்டு இறங்கப் போனபோது, அவரை அதட்டியும் தேற்றியும் மீண்டும் ஏற்றிவிட்டவர் பார்த்தாலியே. ஜூன் 9ஆம் நாள் மிலான் நகரில் கோப்பி வெற்றி வாகை சூடினார். மறுநாள் இத்தாலி உலகப் போரில் குதித்தது. இருபது வயதில் அப்பந்தயத்தை வென்ற அச்சாதனையை அதற்கும் குறைந்த வயதில் எவரும் இன்றுவரை செய்யவில்லை.

போர்க்காலத்தில் அவர் செய்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1942 நவம்பர் 7ஆம் நாள், குண்டுவீச்சுக்கு ஆளாகியிருந்த மிலான் நகரின் விகொரெல்லி ஓடுபாதையில், ஒரு மணி நேரத்தில் கடந்த தூரத்திற்கான உலக சாதனையை முறியடித்தார். கடந்தது 45.798 கிலோமீட்டர். முந்திய சாதனையை மிஞ்சியது வெறும் 31 மீட்டரால். அறுபது நிமிடம் தனி ஒருவனாக, எவர் முதுகின் மறைவுமின்றி, உயிரைப் பிழிந்து பெற்ற ஆதாயம் 31 மீட்டர்! துணையின்றி ஓடுவதற்கு என்ன விலை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட எந்தக் கணக்காலும் ஆகாது. அந்தச் சாதனை 1956 வரை நின்றது.

அடுத்த ஆண்டு அவரைப் படைவீரராக ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். 1943 ஏப்ரலில் துனிசியாவில் ஆங்கிலேயப் படையிடம் போர்க் கைதியானார். நம் நாட்டின் நான்காவது இந்திய டிவிஷனும் அப்போது அதே துனிசியப் போர்முனையில் ஆங்கிலேயர் பக்கம் நின்று போரிட்டுக் கொண்டிருந்தது. 1945இல்தான் அவர் இத்தாலி திரும்ப முடிந்தது. வீரனின் உடல் மிக வளமாக இருக்கும் ஆண்டுகள் முகாமில் கழிந்தன.

போர் முடிந்து, பாலங்கள் இடிந்து கிடந்த நாட்டில், 1946 மார்ச்சில் மிலான் முதல் சான் ரெமோ வரையிலான ஏறத்தாழ 290 கிலோமீட்டர் பந்தயம் நடந்தது. பியாங்கி குழுவின் சட்டையில் கோப்பி பாதி தூரத்துக்கு மேல் முன்னணியில் தனியே ஓடி, இரண்டாமவர் வந்து சேர்வதற்குப் பதினான்கு நிமிடங்களுக்கு முன்பே எல்லையைத் தொட்டார். அதன்பின் வெற்றிகளை எண்ணிக்கையாகச் சொல்லிவிடலாம். இத்தாலியச் சுற்று ஐந்து முறை, டூர் டி பிரான்ஸ் 1949, 1952 ஆகிய இரு முறை, லொம்பார்டி பந்தயம் ஐந்து முறை, மிலான்–சான் ரெமோ மூன்று முறை, 1950இல் பாரிஸ்–ரூபே. இத்தாலியச் சுற்றையும் டூர் டி பிரான்சையும் ஒரே ஆண்டில் வென்ற முதல்வர் அவரே. அதையும் இருமுறை செய்தார்.

ஆனால் அவருடைய தோல்வி ஒன்று வெற்றிகளைவிட நமக்கு அதிகம் கற்பிக்கிறது என்பது என் எண்ணம். 1948இல் ஹாலந்து நாட்டின் வால்கன்பர்க்கில் உலக சாம்பியன் பந்தயம். அது மலைகளைக் கடந்து ஊர்விட்டு ஊர் செல்லும் பந்தயமன்று. ஒரே சுற்றுப் பாதையைப் பலமுறை சுற்றும் பந்தயம். நம் சிப்காட் சாலைகளில் இளைஞர்கள் பழகுவதும் இவ்வகையின் சிறிய உருவமே. ஒன்றிரண்டு கிலோமீட்டர் சுற்று, நாலைந்து திருப்பங்கள், முப்பது நாற்பது முறை சுற்ற வேண்டும். இதில் மலைப்பந்தயத்தைவிடக் கூட்டு முயற்சிக்கு வேலை அதிகம்.

எப்படி என்கிறீர்களா? ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னே இருப்பவர் வேகம் குறையாமல் வளைந்து போய்விடுவார். இருபதாவதாக வருபவரோ நெரிசலில் பிரேக் பிடித்து, வளைந்து, மீண்டும் எழுந்து மிதித்து இடைவெளியை மூட வேண்டும். நாற்பது சுற்றில் நாலு திருப்பம் என்றால் நூற்றறுபது தடவை இப்படி எழுந்து மிதிக்க வேண்டும்! பின்னால் கிடப்பவன் பந்தயம் முடியுமுன்பே தீர்ந்துபோவான். ஆகவே குழுவாக வருபவர்கள் தங்கள் ஆளை முன்வரிசையில் காத்து வைப்பார்கள். குழுவில் ஒருவன் தப்பி ஓடினால் மற்ற இருவர் துரத்துவோர் வரிசையில் கலந்து கொள்வர். ஆனால் முன்னே வந்து இழுக்க மாட்டார்கள். எதிரிகள்தாம் மாறி மாறிக் காற்று வாங்கிக் களைக்க வேண்டும். தப்பியவன் பிடிபட்டால் அந்த நொடியிலேயே களைப்பில்லாத இன்னொருவன் பாய்வான். கடைசிச் சுற்றில் ஒருவன் தன் மூச்செல்லாம் செலவழித்து இழுத்து வர, அவன் முதுகுக்குப் பின்னிருந்து வேகக்காரன் இறுதி இருநூறு மீட்டரில் வெளிப்படுவான். அமெச்சூர் பந்தயங்களில் பெரும்பாலோர் தனித்தனியே வந்து தனித்தனியே தோற்பார்கள். பேசிவைத்துக்கொண்டு வந்த மூன்று சாதாரண ஓட்டக்காரர்கள் தனியாக வந்த ஒரு வல்லவனைக் களைக்க வைத்துவிட முடியும்.

வால்கன்பர்க்கில் இத்தாலிக்கு உலகின் தலைசிறந்த வீரர் இருவர் இருந்தனர், கோப்பியும் பார்த்தாலியும். இதற்குள் அவர்கள் வெவ்வேறு குழுக்களின் தலைவர்களாகி, நாடே இரு கட்சியாகப் பிரிந்து நின்றது. அன்று மட்டும் இருவரும் ஒரே நாட்டுச் சட்டை அணிந்திருந்தனர். என்ன பயன்? மற்றவன் வென்றுவிடக் கூடாதே என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே, தப்பி ஓடியவர்களைத் துரத்தாமல் சுற்றிச் சுற்றி வந்தனர். கடைசியில் இருவருமே வண்டியை விட்டு இறங்கிவிட்டனர். பெல்ஜிய வீரர் ஸ்கோட்டே சாம்பியனானார். இத்தாலியச் சைக்கிள் சங்கம் வெகுண்டு இருவரையும் சில மாதங்கள் தடை செய்தது. தண்டனை நியாயமே என்று நான் கருதுகிறேன்.

மறு ஆண்டு டூர் டி பிரான்சுக்கு நாட்டு அணியாகச் சென்றபோது மேலாளர் ஆல்ஃப்ரெடோ பிண்டாவுக்குப் பெரும் கவலை இதுதான். தொடக்கத்திலேயே கோப்பி விழுந்து, வண்டி உடைந்து, மனமும் உடைந்து, ஊர் திரும்பிவிடுவதாக அடம்பிடித்தார். முதல்வரைவிட அரை மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கியிருந்தார். பிண்டா தேற்றித் தக்கவைத்தார். ஆல்ப்ஸ் மலையில் பழைய பகைவர் இருவரும் சேர்ந்து, காற்றைப் பங்கிட்டுக்கொண்டு மற்றவர்களைப் பின்னே தள்ளினர். அன்று ஜூலை 18. பார்த்தாலியின் முப்பத்தைந்தாம் பிறந்த நாள். பிரியான்சோன் நகரில் அவரை முதலில் எல்லை தொடவிட்டார் கோப்பி. மறுநாள் பார்த்தாலி பின்தங்க நேர்ந்தபோது கோப்பி தனியே சென்று முதலிடம் பிடித்தார். பாரிஸில் கோப்பி முதல்வர், பார்த்தாலி இரண்டாமவர். வால்கன்பர்க்கில் ஒன்றுமில்லாமல் போன அதே இருவர்தாம் இவர்கள்.

கோப்பிக்கு மிக நெருக்கமான கிரெகாரியோ அவர் தம்பி செர்ஸேதான். ஆற்றலில் அண்ணனுக்கு நிகரில்லை, சுபாவத்திலோ நேர்மாறு. அண்ணன் வாய் திறவாதவர், எளிதில் சோர்பவர். தம்பி சிரித்த முகத்தவர், சோர்ந்த அண்ணனைச் சிரிக்க வைப்பவர். 1949இல் பாரிஸ்–ரூபே பந்தயத்தில், முன்னே சென்றவர்கள் தவறான வழியில் திருப்பிவிடப்பட்ட குழப்பத்தால் எழுந்த வழக்கின் முடிவில், பிரெஞ்சு வீரர் மாஹேயும் செர்ஸேயும் இணை வெற்றியாளர்களாக அறிவிக்கப்பட்டனர். தம்பிக்காக அண்ணன் வாதாடியதை அன்று எல்லோரும் வியந்தனர். வழக்கமாக உழைப்பு எதிர்த் திசையில்தானே செல்லும்!

1951 ஜூன் 29. பீட்மாண்ட் சுற்றுப் பந்தயத்தின் முடிவில், தூரின் நகர வீதியில், டிராம் தண்டவாளத்தில் சக்கரம் சிக்கிச் செர்ஸே விழுந்தார். எழுந்து ஓட்டிப் பந்தயத்தை முடித்தார்; விடுதிக்கும் சென்றார். சிறு காயம் என்றே எண்ணினார்கள். சில மணி நேரத்தில் தலைக்குள் இரத்தம் கசிந்து உயிர் பிரிந்தது. அக்காலத்தில் சாலைப் பந்தயக்காரர்கள் உறுதியான தலைக்கவசம் அணிவதில்லை.

ஐந்தே நாளில் டூர் டி பிரான்ஸ் தொடங்கியது. துக்கத்தோடு கோப்பி அதில் கலந்துகொண்டார். மொன்பெலியே நோக்கிய கட்டத்தில், கொளுத்தும் வெயிலில், உடலும் உள்ளமும் ஒரே நேரத்தில் கைவிட்டன. சாலையோரத்தில் வாந்தியெடுத்து நின்றார். குறித்த நேரத்துக்குள் வந்து சேராதவர் பந்தயத்திலிருந்து நீக்கப்படுவார் என்பது விதி. அவருடைய குழுத்தோழர்கள் முன்னே போகவில்லை. தங்கள் இடத்தையும் நேரத்தையும் இழந்து, அவரைச் சூழ்ந்து நின்று, தண்ணீர் ஊற்றி, காற்றை மறைத்து, நேர எல்லைக்குள் ஊர் கொண்டுவந்து சேர்த்தார்கள். அன்று அவர் இழந்தது அரை மணிக்கும் அதிகம். வெற்றிக்கு வாய்ப்பே இல்லாத ஒருவரைக் காப்பாற்ற எதற்கு இத்தனை பேர் உழைக்க வேண்டும்? கணக்குப் பார்த்தால் விடையில்லை. சில நாள் கழித்துப் பிரியான்சோனில் முடிந்த மலைக் கட்டத்தில் அதே கோப்பி முதலாவதாக வந்தார்.

அடுத்த ஆண்டு டூரில் நடந்தது இன்னும் சுவையானது. ஆந்திரேயா கர்ரேயா என்பவர் கோப்பியின் உதவியாளர்களில் மிக நம்பகமானவர். போர்க்காலத்தில் நாஜிகளின் பூக்கன்வால்ட் முகாமிலிருந்து உயிரோடு மீண்டவர். லொசான் நகர் நோக்கிய கட்டத்தில் எதிரிகள் சிலர் தப்பி ஓட, அவர்களைக் கண்காணிக்கவே அவர் கூடச் சென்றார். அக்கூட்டம் வெகுதூரம் முன்னேறிவிட்டது. விடுதிக்குப் போனவரைத் தேடிப் பிடித்து வந்து, முதல் நிலைக்குரிய மஞ்சள் சட்டையை அணிவித்தார்கள். எந்த வீரனும் கனவு காணும் சட்டை அது. கர்ரேயாவோ கண்ணீர் விட்டார்; ஆனந்தக் கண்ணீர் அன்று. தலைவருக்குரிய சட்டையைத் தாம் அணியலாகாது, தலைவர் என்ன நினைப்பாரோ என்ற அச்சம். கோப்பி அவரைத் தேடி வந்து பாராட்டிய பிறகே அவர் முகம் தெளிந்தது. மறுநாள் ஆல்ப் துவே மலையில் கோப்பி வென்று அச்சட்டையைப் பெற்றுக்கொண்டார். கர்ரேயாவுக்கு அதில் வருத்தம் எள்ளளவும் இல்லை. இப்பணிவை நான் முழுதும் வியக்க மாட்டேன். உழைத்தவன் ஒரு நாள் மாலை சூடுவதற்கு அஞ்சும்படி எந்த அமைப்பும் இருத்தலாகாது. ஆயினும் பாரிஸில் கோப்பி 28 நிமிட வித்தியாசத்தில் வென்றபோது, அந்த நிமிடங்களில் எத்தனை கர்ரேயாவுடையவை என்று யார் பிரித்துச் சொல்ல வல்லார்?

1953இல் ஸ்விட்சர்லாந்தின் லுகானோவில், மீண்டும் ஒரு சுற்றுப் பாதையில், 270 கிலோமீட்டர் ஓடி ஆறு நிமிடங்களுக்கு மேற்பட்ட இடைவெளியில் உலக சாம்பியனானார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் வால்கன்பர்க்கில் வண்டியை விட்டு இறங்கியவர்!

அவரைக் குறையற்றவராகக் காட்டுவது உண்மைக்கு மாறாகும். களைப்பை மறக்கச் செய்யும் ஊக்க மாத்திரைகளைத் தாம் உட்கொண்டதை அவரே ஒப்புக்கொண்டவர். அக்காலத்தில் அதற்குத் தடை இல்லை. இருந்தும் அது பெருமைக்குரியதன்று. மணமான அவர் மணமான மற்றொரு பெண்மணியோடு வாழத் தலைப்பட்டதால் வழக்கு, வசை, தண்டனை எல்லாம் வந்தன. அன்றைய இத்தாலியச் சட்டத்தில் அது குற்றம். நேற்றுவரை தோளில் சுமந்த மக்களே தூற்றினார்கள். வயதும் ஏறியது, எலும்பு முறிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆயினும் சைக்கிளை விட்டு இறங்க அவரால் முடியவில்லை. ஊர் ஊராக நடக்கும் சிறு சுற்றுப் பந்தயங்களில் அவரைக் காண்பதற்கே மக்கள் கூடினர்; அதற்கு ஊதியமும் கிடைத்தது.

அத்தகைய பந்தயம் ஒன்றுதான் அவரை மரணத்துக்கு அழைத்துச் சென்றது. 1959 டிசம்பரில், மேற்கு ஆப்பிரிக்காவின் அப்பர் வோல்ட்டாவுக்கு, இன்று புர்க்கினா ஃபாசோ என வழங்கும் நாட்டுக்கு, ஐரோப்பிய வீரர் சிலரை அழைத்திருந்தார்கள். 13ஆம் நாள் வாகடூகு நகர வீதிகளில் உள்ளூர் வீரர்களோடு சுற்றுப் பந்தயம்; பிறகு காட்டில் வேட்டை. பிரெஞ்சு வீரர் அங்கெத்தீல் முதலாவது, கோப்பி இரண்டாவது. இரவில் கோப்பியும் அவருடைய நண்பர் ரஃபேல் ஜெமினியானியும் ஒரே அறையில் தங்கினர். அறை முழுதும் கொசு.

ஊர் திரும்பிய சில நாட்களில் இருவருக்கும் கடுங்காய்ச்சல். பிரான்சில் ஜெமினியானி நினைவிழந்து கிடந்தார். அங்கே இரத்தத்தைச் சோதித்தனர்; கொடிய வகை மலேரியா என்று தெரிந்தது. உரிய மருந்தைச் செலுத்தினர், பிழைத்துக்கொண்டார். இத்தாலியில் கோப்பிக்கோ கடும் சளிக்காய்ச்சல் என்று எண்ணி வைத்தியம் நடந்தது. ஜெமினியானியின் நோய் இன்னதென்று பிரான்சிலிருந்து செய்தி சொல்லியும் வைத்தியர்கள் தங்கள் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்புதான் மலேரியாவை நாட்டைவிட்டு ஏறக்குறைய விரட்டிய இத்தாலி அது. கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் நம் செகந்தராபாத்தில் கண்டது 1897இல். அதற்கு மருந்தான கொயினாவோ நம் நீலகிரியின் நடுவட்டத்திலேயே தயாரிக்கப்பட்ட பழைய சரக்கு. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே காரணம் தெரிந்த நோய், மருந்தும் உண்டு. பந்தயச் சாலையில் தோழனின் கையசைவைக் கண்டு பள்ளத்தைத் தவிர்த்தே வாழ்ந்த மனிதருக்குத் தோழனிடமிருந்து வந்த கடைசி எச்சரிக்கை மருத்துவமனை வாசலில் நின்றுவிட்டது. 1960 ஜனவரி 2ஆம் நாள் காலை, தோர்த்தோனா நகர மருத்துவமனையில் அவர் உயிர் நீத்தார். வயது நாற்பது.

இத்தாலியச் சுற்றில் ஒவ்வோர் ஆண்டும் வீரர்கள் ஏறும் மிக உயர்ந்த இடத்திற்கு 1965 முதல் கோப்பி சிகரம் என்று பெயர் வழங்குகிறது. புர்க்கினா ஃபாசோவில் 1987இல் தொடங்கிய நாட்டுச் சுற்றுப் பந்தயம் ஆப்பிரிக்காவின் பெயர்பெற்ற பந்தயங்களுள் ஒன்றாயிற்று. கர்ரேயா 2013 வரை வாழ்ந்தார். ஒரே அறையில் அதே கொசுக்களிடம் கடிபட்ட ஜெமினியானி, 2024 ஜூலையில் தமது 99ஆம் வயதில் மறைந்தார். நண்பருக்குப் பின் அறுபத்து நான்கு ஆண்டுகள். கஸ்தெல்லானியா ஊர், கோப்பியின் நூற்றாண்டான 2019இல் தன் பெயரையே கஸ்தெல்லானியா கோப்பி என மாற்றிக்கொண்டது. அந்தக் குன்றின் மேல் ஃபாஸ்டோவும் செர்ஸேயும் அடுத்தடுத்து அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர்.